ஏ380 வானூர்தியும் இரு வரைகருவிகளும்

பொறியியல் வல்லுநர் முற்காலத்தில் தாளில் வரைந்தனர். இன்று கணிப்பொறியில் வரைகின்றனர். அதற்குரிய மென்பொருள்கள் பல உள. அவற்றுள் எது சிறந்தது என ஆராய்வோர் பலர். உடன் உழைப்போர் எதனைக் கையாளுகின்றனர் என வினவுவோர் சிலரே. அவ்வினாவின் அருமையை, ஏ380 என்னும் ஈரடுக்கு வானூர்தியைக் கட்டிய ஏர்பஸ் நிறுவனத்தார் பெரும் பொருள் இழந்தே உணர்ந்தனர்.

அவ்வூர்தியின் உடற்பகுதிகள் சில ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உருவாயின. பகுதிகளை ஒன்றாக இணைக்கும் கூடம் பிரான்சின் துலூஸ் நகரில் இருந்தது. ஓர் ஊர்தியினுள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர்! ஹாம்பர்க் நகரத்தார் காட்டியா என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைந்தனர். துலூஸ் நகரத்தார் ஐந்தாம் பதிப்பைக் கைக்கொண்டனர். பெயர் ஒன்றே, அமைப்போ வேறு. ஐந்தாம் பதிப்பு பழையதன் திருத்தம் அன்று, புதிதாகவே எழுதப்பெற்றது. ஆதலின், ஒன்றில் வரைந்ததை மற்றொன்றிற்கு மாற்றுங்கால் சில குறிப்புகள் விடுபட்டன. அலுமினியக் கம்பி, செம்புக் கம்பியைப்போல் நெருங்கி வளைவதில்லை; அவ்வேறுபாடும் வரைபடங்களில் செவ்வனே இடம்பெறவில்லை. துலூசில் கம்பிகளைப் பொருத்த முயன்ற தொழிலாளர், அவை நீளம் போதாமை கண்டு திகைத்தனர்.

தனித்தனியே நோக்கின் இரு பதிப்புகளும் நல்லனவே. எனினும் 2006ஆம் ஆண்டில் காலத்தாழ்வு மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டது. ஹாம்பர்க்கிலிருந்து தொழிலாளர் பலர் துலூசுக்குச் சென்று, முதல் ஊர்திகளின் கம்பிகளைக் கையாலேயே இழுத்துப் பொருத்தினர். குறித்த காலத்திற்கு ஒன்றரை ஆண்டுக்குமேல் தாழ்த்து, 2007 அக்டோபரில் முதல் ஊர்தி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.