மேடா, பள்ளமா?

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் அச்சு பதிந்த கற்கள் அகப்படும். ஓடு கரைந்து போய், அது கிடந்த இடத்தில் குழி மட்டும் மிச்சம். அந்தக் கல்லை மேலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துக் கைபேசியில் படமெடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு வேடிக்கை நடக்கும்: குழி மேடாகப் புடைத்துக்கொள்ளும்.

வி.எஸ். ராமச்சந்திரன் இந்த வேடிக்கையைத்தான் ஆய்வாக்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானவர். 1988-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முக்கியக் கருவி, நிழல் தீட்டிய சாம்பல் நிற வட்டங்கள். மேல்பக்கம் வெளுத்து அடிப்பக்கம் கறுத்த வட்டம் மேடாகத் தெரியும். மாற்றித் தீட்டினால் பள்ளம். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து, அதுவும் ஒரே விளக்கிலிருந்து வருகிறது என்று மூளை தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. ‘மேல்’ என்பதும் தலையை வைத்துத்தான். குனிந்து கால்களுக்கு நடுவே அதே படத்தைப் பார்த்தால் மேடும் பள்ளமும் இடம் மாறும்.

மூளை அறிவியலையும் காட்சி வடிவமைப்பையும் சேர்த்துப் பிழைக்க நினைக்கும் மாணவருக்கு இதில் முதல் பாடம் இருக்கிறது. ஆய்வை முடித்துவிட்டு அழகுக்காகப் படம் போடுவது வேறு வேலை. ராமச்சந்திரனுக்குப் படமே சோதனைச்சாலை. கைபேசித் திரையில் அழுத்தும் பொத்தான் புடைத்துத் தெரிவதற்கும் அதே நிழல் கணக்குதான் காரணம்.

இரண்டாவது, செலவு. கையை இழந்தவர்களுக்கு இல்லாத கை வலிப்பதுண்டு. 1990-களில் ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி வைத்தார். நல்ல கையின் பிம்பம், போன கை இருந்த இடத்தில் தெரிந்தது. இறுகி மூடிக் கிடந்ததாக உணர்ந்த கை விரிந்துவிட்டதாகச் சில நோயாளிகள் சொன்னார்கள். எல்லாருக்கும் அது பலிக்கவில்லை. ஆனாலும் கண்ணுக்குக் காட்டும் ஒரு காட்சி உடலின் உணர்வையே மாற்றக்கூடும் என்பதைக் காட்ட முகம் பார்க்கும் கண்ணாடியே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, கையால் வரைவது. ஸ்பெயின்காரர் சந்தியாகோ ரமோன் இ கஹாலுக்குச் சிறுவயதில் ஓவியராக ஆசை. அப்பா மருத்துவத்துக்கு இழுத்தார். நுண்ணோக்கியில் பார்த்த நரம்பணுக்களை அவர் மைகொண்டு வரைந்தார். நரம்பணுக்கள் தனித்தனியானவை என்ற அவருடைய வாதத்துக்கு அந்தப் படங்களே பலம். 1906-இல் நோபல் பரிசு வந்தது.

நான்காவது பாடம் ஊரிலேயே இருக்கிறது. 1999-இல் ராமச்சந்திரனும் தத்துவ அறிஞர் வில்லியம் ஹிர்ஸ்டைனும் கலைக்கு எட்டு விதிகளை முன்வைத்தார்கள். அவற்றில் ஒன்று மிகைப்படுத்தல்: சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகிய எலி, இன்னும் நீளமான நீள்சதுரத்தைக் கண்டால் அதற்கே ஓடும். பார்வதி சிலைகளின் ஒடுங்கிய இடையும் அகன்ற இடுப்பும் இதே மிகைப்படுத்தல்தான் என்பது அவர்கள் வாதம். அவர்கள் எடுத்துக்காட்டியது சோழர் செப்புத் திருமேனியை. கலையை எலிக் கணக்கில் அடைப்பதா என்று எதிர்த்தவர்களும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. குறிப்பேட்டோடு போய், சிற்பி எங்கே மிகைப்படுத்தினான், எங்கே அடக்கினான் என்று வரைந்து பார்த்துவிட்டு யார் பக்கம் என்று முடிவு செய்யலாம்.

ஐந்தாவது, படத்துக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதிருப்பது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த பெரிய உருண்டைக் கற்களின் படங்கள் ‘டைனோசர் முட்டை’ என்று பரவின. பெயரைக் கேட்ட பிறகு பார்த்தவர்களுக்கு முட்டையாகவே தெரிந்தது. அவை கடற்படிவு இறுகி உருண்டையான கற்கள் என்று நிலவியலாளர்கள் விளக்க வேண்டியிருந்தது.

படிப்புக்கு வழிகள் உண்டு. ஐ.ஐ.டி. காந்திநகரில் அறிதல் அறிவியலில் முதுகலை இருக்கிறது. வடிவமைப்பு முதுகலைக்கான ‘சீட்’ நுழைவுத்தேர்வை வேறு துறையில் பட்டம் பெற்றவர்களும் எழுதலாம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து வருபவருக்கும் கதவு அடைபடாது. வேலை எப்படியிருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’, கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாக முப்பரிமாணத்தில் காட்டுகிறது. மருத்துவரும் பொறியாளரும் படம் கையாளத் தெரிந்தவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அப்படியொன்று நடக்கும்.

விண்ணப்பத்தோடு வைக்க முதல் படைப்பு வேண்டுமா? புதைபடிவங்களைப் படமெடுப்பவர்கள் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வெளிச்சம் பாய்ச்சுவது வழக்கம். அந்த வழக்கத்தையே சோதிக்கலாம். அச்சுப் பதிந்த ஒரே கல். டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி நான்கு படங்கள். தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டி, மேடா பள்ளமா என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அந்தந்தப் படத்தின் கீழேயே எழுதிக்கொள்ள வேண்டும்.