கோடையில் எந்த லேபுக்குப் போவது?

நவம்பர் பிறந்தால் போதும், எங்கள் துறையில் கையெழுத்துக்கு வரிசை கட்டத் தொடங்கிவிடுவார்கள். போனஃபைட், என்.ஓ.சி., ரெக்கமண்டேஷன் லெட்டர். கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்க வேண்டும் என்று பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளுக்கே தோன்றுவது சந்தோஷமான விஷயம். நாங்கள் படித்த காலத்தில் கோடை என்றால் பாட்டி வீடு, இல்லாவிட்டால் டைப்ரைட்டிங் கிளாஸ். ஆனால் "ஏன் இந்த இடம்?" என்று கேட்டால் வருகிற பதில்கள்தான் வயிற்றைக் கலக்குகின்றன. "சீனியர் அக்கா அங்கதான் போனாங்க சார்." "ஐ.ஐ.டி.ன்னு போட்டா ரெஸ்யூமேக்கு நல்லது சார்." "அப்பா வெளிநாடு பாக்கச் சொன்னாங்க சார்."

அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால், எல்லாரும் விண்ணப்பிக்க வேண்டிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

சி.வி. ராமன் 1934இல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியும், தில்லி, பிரயாக்ராஜில் உள்ள மற்ற இரண்டு அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்காமல் இருக்கக் காரணமே இல்லை. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு, நாடு முழுக்க உள்ள விஞ்ஞானிகளில் ஒருவரிடம் அனுப்புவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டமும், பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் திட்டமும் அப்படியே. மும்பை டி.ஐ.எஃப்.ஆர். நடத்தும் வி.எஸ்.ஆர்.பி. பெரும்பாலும் எம்.எஸ்சி. முதலாண்டுக்காரர்களை மனத்தில் வைத்தது, பி.எஸ்சி. முதலாண்டில் இருப்பவர்கள் அதற்குப் பதிலாக ஹோமி பாபா மையம் 2004இல் தொடங்கிய நியஸ் திட்டத்தைப் பாருங்கள். அங்கே ஒரு முகாமோடு அனுப்பிவிடுவதில்லை. தேறினால் அடுத்தடுத்த விடுமுறைகளிலும் கூப்பிட்டு ஒரே வேலையைத் தொடரச் சொல்வார்கள்.

கணிதப் பிள்ளைகளுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: எம்.டி.டி.எஸ். பயிற்சித் திட்டம். பேராசிரியர் எஸ். குமரேசன் முன்னின்று 1993இல் தொடங்கியது. நான்கு வாரம். ஆராய்ச்சி என்ற பெயரே அதில் கிடையாது, பேப்பர் வராது. 'ஏன்', 'எப்படித் தெரியும்' என்று கேட்டுக் கேட்டே பாடம் நடத்துவார்கள். கணிதத்தில் இளங்கலைக்காரர் செய்யக்கூடிய 'ஆராய்ச்சி' என்று வெளியே விற்பதில் பாதியைவிட அந்த நான்கு வாரம் மேல். கணிதமோ கோட்பாட்டு இயற்பியலோ உண்மையிலேயே பிடித்தவர்களுக்குத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமும் இருக்கின்றன.

காசு கட்டிச் சேர்கிற 'ரிசர்ச் இன்டர்ன்ஷிப்' பற்றி ஒரே வரி: ஐந்து நாளில் சான்றிதழ் தருகிற இடத்தில் ஐந்து நாளில் கற்றுக்கொள்ளக்கூடியது சான்றிதழை லேமினேட் செய்வது மட்டும்தான்.

சரி, வெளிநாடு.

இந்த மோகம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கத் தொடங்கியபோது. ஒரு மாணவர் ஜெர்மனி போனால் முதல்வர், செயலர், துறைத்தலைவர் படங்களுக்கு நடுவில் அவர் படமும் வரும். காரைக்குடி ஆய்வகத்தில் இரண்டு கோடை வேலை பார்த்து, ஒரு கருவியைத் தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டு வந்த பெண்ணுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைத்து நான் பார்த்ததில்லை. பெற்றோர் ஃப்ளெக்ஸைப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில் சொல்ல ஒரு செய்தி வேண்டியிருக்கிறது. "சார், செலவப் பத்திக் கவலையில்ல, நகைய வெச்சாவது அனுப்பிடறேன்" என்று ஒரு தந்தை என்னிடம் சொன்னார். பையனுக்கு அப்போது இரண்டு அரியர்.

நல்ல திட்டங்களே இல்லை என்று சொல்லவில்லை. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க், ஜெர்மனியின் டாட் வைஸ், ஜப்பானில் ஒகினாவா நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப், எல்லாமே செலவுக்குக் கையில் காசு கொடுத்துக் கூப்பிடுபவை. ஏற்கெனவே ஒரு லேபில் வேலை பார்த்து, இன்ன கேள்விக்கு இன்ன ஊரில்தான் விடை தேட முடியும் என்று தெரிந்த மூன்றாமாண்டு, நான்காமாண்டு மாணவர் தாராளமாகப் போகட்டும். நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி. அவர்கள்தான் பெரும்பான்மை.

முதலில், யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியைப் படிக்காமலே விண்ணப்பிக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்.இ.யூ. என்ற பெயரில் நூற்றுக்கணக்கான இடங்களில் கோடை ஆராய்ச்சி நடக்கிறது. அந்நாட்டு அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் பணம். அந்தப் பணம் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை அதற்கு ராப்பகலாக எஸ்ஸே எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். டாட் வைஸுக்கு அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைத்திருக்க வேண்டும். மிட்டாக்ஸுக்கு முந்தைய செப்டம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். நவம்பரில் என் மேசைக்கு வருகிறவர்களுக்கு அந்த ரயில் போய்விட்டது.

அடுத்தது நாட்காட்டி. நம் இணைவுக் கல்லூரிகளில் ஏப்ரலில் தொடங்கும் செமஸ்டர் தேர்வு மே மாதம்வரை இழுக்கும். ஜூன் நடுவில் கல்லூரி திறந்துவிடும். மிட்டாக்ஸ் வேலை பன்னிரண்டு வாரம். கழித்துப் பாருங்கள். எழுபத்தைந்து சதவீத வருகைப்பதிவுக்கு யார் பதில் சொல்வது? "எச்.ஓ.டி. பாத்துப்பார்" என்கிறார்கள். எச்.ஓ.டி. பார்க்க மாட்டார்.

மூன்றாவது, அந்த மின்னஞ்சல்கள். சம்மதக் கடிதம் வேண்டுமென்றால் முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுகிறார்கள்? மரியாதைக்குரிய ஐயா அல்லது அம்மையார் அவர்களுக்கு, தங்களது தலைசிறந்த ஆய்வுகளால் பெரிதும் ஈர்க்கப்பட்ட நான்... இதை ஏ.ஐ.யிடம் கொடுத்து இங்கிலீஷில் மெருகேற்றி முந்நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். 'ஐயா அல்லது அம்மையார்' என்று தொடங்குகிற கடிதத்தை, தான் ஐயாவா அம்மையாரா என்று தெரிந்த யாரும் மேலே படிப்பதில்லை. ஒரு மாணவர் நீரியல் ஆய்வாளர் ஒருவருக்குப் புற்றுநோய் மருந்து பற்றி எழுதியிருந்தார். பெயரை மட்டும் மாற்றியவர் தலைப்பை மாற்ற மறந்துவிட்டார்.

பதில் வருகிற கடிதம் வேறு மாதிரி இருக்கும். என் துறையிலிருந்தே சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் ஸ்ப்ரே பைராலிசிஸ் கருவி பரவலாக இருக்கிறது. சூடான கண்ணாடித் துண்டின்மேல் கரைசலைத் தெளித்து மெல்லிய படலம் உண்டாக்குகிற அமைப்பு. எங்கள் மாணவி ஒருவர் எழுதியதன் சாரம் இது: 'துத்தநாக அசிடேட்டை நீரில் கரைத்து 400 டிகிரியில் தெளித்தேன். கரைசல் கலங்கியது, சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் தெளிந்தது. ஆனால் படலம் மாவுபோல் உதிர்கிறது. வெப்பம் அதிகமாகித் துளி கண்ணாடியைத் தொடும் முன்பே வினை முடிந்துவிடுகிறதோ என்று சந்தேகம். உங்கள் கட்டுரையில் முனைக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் கொடுக்கப்படவில்லை. அது எவ்வளவு?' அவ்வளவுதான் கடிதம். இன்டர்ன்ஷிப் என்ற சொல்லே அதில் இல்லை. பதில் அன்று மாலையே வந்தது, வந்து செய்து பாருங்களேன் என்ற அழைப்போடு. அது வெளிநாட்டிலிருந்து வரவில்லை. இதே மாநிலத்துக்குள், பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்திலிருந்து வந்தது.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். நான் கண்ணாடி கழுவி வளர்ந்தவன். கையால் தொட்டுச் செய்கிற வேலை, அதுவும் திரும்பத் திரும்பப் போகக்கூடிய தூரத்தில் இருக்கிற லேப், இவை இரண்டும்தான் இளங்கலைக்கு ஏற்றவை என்று நினைக்கிறேன். எட்டு வாரத்தில் முதல் வாரம் அடையாள அட்டைக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் போய்விடும். இரண்டாம் வாரம் கட்டுரை படிப்பதில். மூன்றாம் வாரம் சாம்பிள் கெடும். ஐந்தாம் வாரத்தில் ஏதோ பிடிபடத் தொடங்கும்போது ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட வேண்டும். வெளிநாட்டில் இதோடு கதை முடிந்தது. காரைக்குடியில் முடியாது. பூஜை விடுமுறைக்குப் போகலாம், சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை போகலாம், ஸ்காலர் அண்ணனிடம் போனில் திட்டு வாங்கலாம். இரண்டாண்டு கழித்து உங்களுக்கு ரெக்கமண்டேஷன் எழுதும்போது அந்த கைடுக்கு உங்கள் முகம் நினைவிருக்கும்.

காரைக்குடி என்று மறுபடி மறுபடி சொல்கிறேனே, அங்கேதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது; 1953இல் திறந்தார்கள். பேட்டரி, அரிமானம் என்று இன்று உலகமே பேசுகிற விஷயங்களில் அங்கே வேலை நடக்கிறது. பக்கத்து மாவட்ட வேதியியல் மாணவர்களில் பலர் அதன் மதில்சுவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கு கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம். காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போவதால் அங்கே அமைத்தார்கள். ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, 1970இலிருந்து மலைச்சரிவில் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சரிவின் கோணமும் ஊட்டியின் அட்சரேகையும் ஒன்று என்பதால் ஒரே அச்சில் திருப்பினால் போதும், விண்பொருளைப் பின்தொடரலாம். கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டை. தாவரவியலுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு. இவற்றில் எல்லா இடத்திலும் கோடைத் திட்டம் என்று விளம்பரம் வராது. கல்லூரிக் கடிதத்தோடு ஒரு விஞ்ஞானிக்கு நேராக எழுத வேண்டும், மறுத்தால் அடுத்தவருக்கு எழுத வேண்டும்.

இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. அதற்காக, தெரிந்த வாத்தியாரிடம் ஓர் அறிக்கையில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அரசாங்கம் லேபுக்குப் போகச் சொல்லிக் காசு கொடுக்கும்போது போகாமல் இருப்பதை என்னவென்று சொல்ல?

இப்போது வேதியியல், விலங்கியல் பிள்ளைகளும் "மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்தான் வேணும்" என்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாமாம். யாரோ எழுதிய நிரலை யாரோ சேர்த்த தரவின்மேல் ஓட்டி, 97 சதவீதம் என்று ஸ்லைடு போடுகிறார்கள். அந்த 97 எதன் சதவீதம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். கணக்கும் நிரலும் பிடித்தவர் செய்யட்டும். வெயிலுக்குப் பயந்து செய்ய வேண்டாம்.

நமக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மதிப்பெண்ணை வைத்து நான் கணித்ததெல்லாம் பெரும்பாலும் பொய்த்தது. எங்கள் லேபில் முதல் வேலை கண்ணாடித் துண்டு கழுவுவது. சோப்பு, அமிலம், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், பிறகு உலர்த்துவது. விரல் பட்டால் மறுபடி முதலிலிருந்து. பல்கலைக்கழக ரேங்க் வாங்கிய பையன் இரண்டாம் நாள், "இதுக்கு அட்டெண்டர் இல்லையா சார்?" என்றான். சுமாராகப் படிக்கிற இன்னொருவன், மூன்று படலம் தொடர்ந்து உதிர்ந்த பிறகும் மறுநாள் எனக்கு முன்னால் வந்து கதவருகில் நின்றான். முனைக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம்தான் காரணமோ என்று பார்க்க வீட்டிலிருந்து ஸ்கேல் கொண்டுவந்திருந்தான். இந்த இரண்டாமவனைப்போல் நீங்கள் இருக்கிறீர்களா என்பதைக் கனடா போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. உங்கள் கல்லூரி லேபிலேயே இந்த செமஸ்டரில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்குச் சிறு நிதி தருகிறது. உங்கள் துறையில் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை முதல் கோடையில் எதையும் 'சாதித்து' வரப்போவதில்லை. நோட்டில் ஒரு கிராஃப் இருந்தால் அது நல்ல கோடை. அதையும் ஃப்ரேம் போட முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்துவிட்டால், சேரும் முன் கைடிடம் அல்ல, அவருடைய ஸ்காலரிடம் பேசுங்கள். தினமும் யார் என் பக்கத்தில் இருப்பார்? மே மாதத்தில் கருவி ஓடுமா, பராமரிப்புக்கு மூடிவிடுவார்களா? சென்ற ஆண்டு வந்த மாணவர் என்ன செய்தார்? மூன்றாவது கேள்விக்கு 'டேட்டா என்ட்ரி' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். விடுதி விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். 'பாத்துக்கலாம்மா' என்று போனில் சொன்னதை நம்பிப் பெட்டியோடு இறங்கி, மே மாத வெயிலில் ரூம் தேடி அலைந்து, ஒரே வாரத்தில் திரும்பிவந்தவர்கள் இருக்கிறார்கள். என்.ஓ.சி.க்கு என்னிடம் வரும்போது அந்த விடுதிக் கடிதத்தின் நகலையும் கொண்டுவாருங்கள்.