பாட்டியின் அட்டிகை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நகைக்கடைகளுக்குப் புது நகை வாங்குவோரும் வருகின்றனர். பழைய நகையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவோரும் வருகின்றனர். தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார் பலரின் சேமிப்பு, கழுத்திலும் காதிலும்தான் இருந்தது. பிள்ளையின் படிப்புக்காக அது அடகுக்கடைக்குப் போகும்; பின்னர் மீட்கப்பட்டு வீடு திரும்பும். அந்த நகை இன்று பேத்தியின் கைக்கு வந்திருக்கிறது. காது வளர்த்து அணியும் பாம்படத்தை அவளால் அணிய இயலாது. கனத்த அட்டிகையோ வேலைக்குப் போட்டுச் செல்லப் பொருந்தாது. மூன்று பேத்திகளுக்கு ஒரே அட்டிகை என்றால் சிக்கல் இன்னும் பெரிது. உருக்கிப் புதிதாகச் செய்துகொள்ளலாமா என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது.

தங்கம் துருப்பிடிக்காது. 1064 பாகை செல்சியஸில் உருகும். எத்தனை முறை உருக்கினாலும் அது தங்கமே. ஆனால், பழைய நகையின் எடை முழுவதும் தங்கமன்று. இதை அறியாமல் பொற்கொல்லரிடம் மனத்தாங்கல் கொள்வோர் பலர்.

கல் பதித்த அட்டிகை ஒன்றின் எடை 40 கிராம் எனக் கொள்வோம். கற்களையும் உள்ளிருக்கும் அரக்கையும் நீக்கியபின் 34 கிராம் மிஞ்சுகிறது. அதன் இணைப்புகளைப் பற்றவைக்க, எளிதில் உருகக்கூடிய, தரம் குறைந்த பொடியைப் பயன்படுத்தியிருப்பர். எல்லாம் ஒன்றாக உருகும்போது தரம் 88 விழுக்காடாக இருந்தால், அதிலுள்ள தூய தங்கம் 29.92 கிராம். இன்று கடைகளில் விற்கும் 916 தங்கத்தில் 91.6 விழுக்காடு தூய தங்கம் உண்டு. அந்தக் கணக்குக்கு மாற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 32.66 கிராம். 40 எங்கே, 32 எங்கே! இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. புது நகைக்குரிய செய்கூலியும் சேதாரமும் இதற்குமேல் தனி.

தரத்தை அறிய அக்காலத்தில் உரைகல்லில் உரசி, அமிலம் இட்டுப் பார்த்தனர். இன்று எக்ஸ் கதிர்க் கருவி சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. எனினும், அக்கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும். ஆகவே, உரியவரின் கண்முன்னே உருக்கி, அந்தக் கட்டியைச் சோதிப்பதே நம்பகமானது.

காசுமாலையை உருக்குமுன் கூடுதல் கவனம் தேவை. அதிலுள்ள காசுகள் சில வேளைகளில் உண்மையான பிரிட்டிஷ் சவரன்களாக இருக்கும். ஒவ்வொன்றும் 7.99 கிராம் எடையுள்ள 22 காரட் நாணயம். ‘சவரன்’ என்னும் சொல்லே அந்த நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். நாணயம் சேகரிப்போர் சில ஆண்டுக் காசுகளுக்குத் தங்க விலையைவிட அதிகம் கொடுப்பர். உருக்கிவிட்டால் அந்த மதிப்புப் போய்விடும்.

கைவேலையும் அப்படித்தான். கையால் செதுக்கிய அன்னப்பதக்கத்தை மூசையில் இட்டபின், அதே வடிவத்தை அச்சில் வார்த்து எடுக்கலாம். அந்தக் கையின் வேலை திரும்பாது. அதனால், சில குடும்பத்தினர் பதக்கத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சியதை உருக்கி மெல்லிய சங்கிலியாகவும் வளையலாகவும் பங்கிட்டுக்கொள்கின்றனர். நல்ல ஏற்பாடு இது. உருக்குமுன் நகையைப் படம் எடுத்து, எடையையும் எழுதி வைத்துக்கொள்கின்றனர். கழற்றிய கற்களைத் திரும்பக் கேட்டு வாங்கத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர். கண்ணாடிக்கல் என்று கடையிலேயே விட்டுவந்த சிவப்புக் கற்களுள் ஒன்றிரண்டு நல்ல கெம்பாகவும் இருக்கக்கூடும்.