முதல் இணையப் பக்கத்துக்கு எந்தக் கருவிகள் போதும்?

இணையப் பக்கம் எழுதத் தொடங்க ஓர் எடிட்டரும் ஓர் உலாவியும் போதும். மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஎஸ் கோட் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பழைய கணினி திணறினால், விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ் இலகுவாக ஓடும்.

உண்மையான ஆசிரியர் உலாவிக்குள்ளேயே இருக்கிறார். குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ எஃப்12 விசையை அழுத்தினால் பக்கத்தின் எச்டிஎம்எல் அமைப்பும் சிஎஸ்எஸ் விதிகளும் விரியும். நிறத்தையோ இடைவெளியையோ அங்கேயே மாற்றினால் விளைவு உடனே தெரியும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் அஞ்சாமல் சோதித்துப் பார்க்கலாம். கைபேசித் திரையில் பக்கம் எப்படி அமையும் என்பதையும் அங்கேயே காணலாம். கன்சோலில் சிவப்பாகத் தோன்றும் செய்தி, ஜாவாஸ்கிரிப்ட் பிழை எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்று காட்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைப் படிக்காமலேயே தவிக்கிறார்கள்.

ரியாக்ட் போன்ற நூலகங்கள் ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டப்பட்டவை. அடித்தளம் உறுதியாகும்வரை அவற்றைத் தள்ளிவைப்பது நல்லது.

தமிழில் எழுதும்போது கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைக் குறிப்பிட வேண்டும். தவறினால் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்க உதவும். முடித்த பக்கத்தை கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் சர்வர் வாடகையின்றி உலகுக்குக் காட்டலாம்.