நோய்க் காலத்தில் நிவாரணப் பணி: 1971 அகதி முகாம்கள் தரும் பாடம்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் நிவாரணப் பொருள்கள் வந்து குவிவது ஒன்று. அவை நோயாளியின் கைக்கு உரிய நேரத்தில் சென்று சேர்வது மற்றொன்று. இடையிலுள்ள தொலைவைக் கடப்பதே தொண்டு நிறுவனங்களின் கூட்டுப் பணிக்கு உண்மையான சோதனையாகும். இந்தச் சோதனையை நம் நாடு மிகப் பெரிய அளவில் சந்தித்தது 1971ஆம் ஆண்டில். அன்றைய அனுபவம் நிருவாகத் துறையினரும் மாணவர்களும் ஆழ்ந்து கற்கத்தக்கது.

நெருக்கடியின் அளவு

1971 மார்ச்சு இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ அடக்குமுறை தொடங்கியதும், மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வரலாயினர். அவ்வாண்டு முடிவதற்குள் அவர்கள் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. இவர்களுள் முக்கால் பங்கினர் மேற்கு வங்காளத்தில் தங்கினர். எஞ்சியோர் திரிபுரா, மேகாலயா, அசாம் ஆகிய பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் அமைக்கப்பட்டன.

பருவமழை தொடங்கியபோது காலரா தலைதூக்கியது. தூய குடிநீரும் கழிப்பிட வசதியும் போதாத நெரிசலில் நோய் விரைந்து பரவியது. ஜூன் தொடக்கத்தில் 9,500 என மதிப்பிடப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை, செப்டம்பர் இறுதிக்குள் 46,000ஐத் தாண்டியது.

பொறுப்புகளின் பங்கீடு

இத்தகைய சுமையை எந்த ஓர் அமைப்பும் தனித்துத் தாங்க இயலாது. எனவே பணிகள் பகிர்ந்துகொள்ளப்பட்டன. உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றின் முதன்மைப் பொறுப்பை இந்திய அரசு ஏற்றது. மத்திய மறுவாழ்வுத் துறையின் கிளைச் செயலகம் ஒன்று கல்கத்தாவில் அமைந்து, முகாம்களின் பணிகளை ஒருங்கிணைத்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவிகள் அனைத்திற்கும் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் மைய இணைப்பாக நியமிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்குள் தொண்டு நிறுவனங்கள் தத்தம் இடத்தை வகுத்துக்கொண்டன. இராமகிருஷ்ண மிஷன், பாரத் சேவாசிரம சங்கம், கேரிட்டாஸ் இந்தியா, அன்னை தெரசாவின் சபை முதலியவை முகாம்களில் நேரடியாகத் தொண்டாற்றின. இந்திய செஞ்சிலுவைச் சங்கம் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் பால் வழங்கும் பணியில் ஈடுபட்டது. பிரிட்டனில் இயங்கிய தொண்டு நிறுவனங்கள் சில, தனித்தனியே நிதி கேட்டுப் போட்டியிடாமல், கூட்டாகப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தன. அவற்றுள் ஒன்றாகிய ஆக்ஸ்பாம், இந்தியத் தொண்டர்களையும் மருத்துவ மாணவர்களையும் துணையாகக் கொண்டே முகாம்களில் பணியாற்றியது.

வெளிநாட்டிலிருந்து பொருளும் பணமும் வரலாம். ஆனால் விநியோகம் இந்தியர் கைகளாலேயே நடைபெற வேண்டும் என்பது அரசின் கொள்கையாக இருந்தது. மொழியும் ஊரும் அறிந்தவர்களே முகாம் மக்களின் நம்பிக்கையை எளிதில் பெற முடியும் என்பதால், இது நடைமுறைக்கும் உகந்ததாயிற்று.

எந்தப் பொருளை வழங்குவது?

காலராவில் உயிரைப் பறிப்பது உடலின் நீரும் உப்பும் விரைந்து வெளியேறுவதே. அக்காலத்தில் இதற்கு நடைமுறையில் இருந்த சிகிச்சை, இரத்த நாளத்தின் வழியே சலைன் ஏற்றுவதாகும். இதற்குக் கண்ணாடிப் புட்டிகளும் ஊசிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் தேவை. வானூர்தி மூலம் தடுப்பூசி மருந்தும் சலைனும் வந்தன. ஆயினும் தேவை அதனினும் வேகமாகப் பெருகியது. அன்றைய தடுப்பூசியும் சில மாதங்களுக்கே, அதுவும் ஓரளவுக்கே, பாதுகாப்பு அளிக்கக்கூடியதாக இருந்தது.

எல்லைக்கு அருகில் உள்ள பன்காவ் மருத்துவமனையில் நிலைமை மிகக் கடுமையாயிற்று. தரையெங்கும் நோயாளிகள், சலைன் இருப்போ தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். அதுவரை ஆய்வு மனைகளிலும் கண்காணிப்புள்ள மருத்துவமனைகளிலும் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்த வாய்வழி நீரூட்டு முறையை அவர் முகாம் மக்களுக்குப் பயன்படுத்தினார்.

ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பதே அக்கரைசலின் அளவு. லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. கல்கத்தாவில் இருந்த ஆய்வு நிலையத்தின் நூலக அறையிலேயே இப்பொருள்கள் நிறுக்கப்பட்டுப் பாலித்தீன் பைகளில் அடைக்கப்பட்டன. முகாமில் குழாய் பொருத்திய பீப்பாய்களில் அவை கரைக்கப்பட்டன. நோயாளியின் உறவினரே குவளையில் பிடித்துப் புகட்டினர். தாய் தன் குழந்தைக்கும், மகன் தன் தந்தைக்கும் சிகிச்சை அளிக்கும் நிலை உருவாயிற்று. சலைன் புட்டிகள் மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டன.

அதன் பலன் வியக்கத்தக்கது. முன்பு முப்பது சதவிகிதம் வரை இருந்த இறப்பு, இம்முறையில் சிகிச்சை பெற்ற சுமார் 3,700 பேரிடையே 3.6 சதவிகிதமாகக் குறைந்தது. 1978இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்களைக் கட்டுப்படுத்தும் தனித் திட்டத்தைத் தொடங்கியபோது, வாய்வழி நீரூட்டு முறையே அதன் அடித்தளமாயிற்று. 1980களில் வங்காளதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் இம்முறையை வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தது. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அனுபவம் உணர்த்துவன

முதலாவதாக, கூட்டுப்பணி என்பது எல்லாரும் எல்லாவற்றையும் செய்வது அன்று. நிதி திரட்டுவோர், பொருள் கொண்டுசேர்ப்போர், முகாமில் வழங்குவோர் என்ற பங்கீடு தெளிவாக இருத்தல் வேண்டும். அதை மேற்பார்வையிட ஒரே ஒருங்கிணைப்பு மையம் இருத்தலும் வேண்டும். இல்லையேல் ஒரு முகாமில் போர்வைகள் மிகுந்தும், மறு முகாமில் மருந்தின்றியும் போகும்.

இரண்டாவதாக, நன்கொடையாளரிடம் இருப்பதை அனுப்புவதைவிட, நோயாளிக்குத் தேவையானதை அனுப்புவதே நிவாரணம். பயிற்சியற்றவரும் பாதுகாப்பாகக் கையாளக்கூடிய, மலிவான, உள்ளூரிலேயே தயாரிக்கத்தக்க பொருளே பெருந்திரளான மக்களைச் சென்றடையும்.

மூன்றாவதாக, பாதிக்கப்பட்டோரை வெறும் பயனாளிகளாகக் கருதுதல் தவறு. பன்காவில் மருத்துவப் பணியாளரின் பற்றாக்குறையை ஈடுசெய்தவர்கள் அகதிகளே.

2020இல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, நிதி ஆயோக் 92,000க்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்களின் ஒத்துழைப்பை நாடியது. அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பின்னரும் அடிப்படைத் தேவை மாறவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆயினும் நெருக்கடி வந்தபின் பட்டியல் தயாரிப்பதைவிட, மாவட்டந்தோறும் தொண்டு நிறுவனங்களின் ஆற்றலை முன்கூட்டியே கணித்து, யார் எப்பணியை ஏற்பது என்பதை அமைதிக் காலத்திலேயே வரையறுத்தல் சிறந்தது. அவ்வாறு வரையறுக்கப்பட்ட மாவட்டத்தில், நோய் பரவும் முதல் வாரத்திலேயே பொருள்கள் கிடங்கைவிட்டுப் புறப்பட்டுவிடும். காலராவைப் போன்ற நோயில் உயிர்கள் பெரிதும் காக்கப்படுவதும் இழக்கப்படுவதும் அந்த முதல் வாரத்தில்தான்.