கையெழுத்து மட்டும் போடாதீங்க

2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். ஆட்களுக்குக் கவரில் பணம் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் போன் செய்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, பேங்க்ல இருந்து பேசறேன்னு எவனோ உங்களைப் பத்தி என்கிட்ட விசாரிக்கறான். என்ன சங்கதி?"

சங்கதி பழசு. 2014-இல் வாங்கிய கிரெடிட் கார்டு. அப்போது எட்டு மெஷின் போட்டுப் பவர் டேபிள், அதாவது தையல் யூனிட், ஓட்டிக்கொண்டிருந்தேன். நூலுக்கும் ஊசிக்கும் அதைத்தான் தேய்ப்பேன். இரண்டொரு வாரம் சம்பளத்துக்கே அந்த அட்டையை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுத்தேன். எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, மறு ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, ஜாப் ஒர்க் கொடுத்தவர்கள் பில்லை இழுத்தடித்தார்கள். 2017 செப்டம்பரில் கடைசியாக மினிமம் கட்டியபோது பாக்கி 62,000 ரூபாய். இப்போது போனில் கேட்டது 2,38,000.

முதல் நாள் "அண்ணா" என்று கூப்பிட்ட வசூல் ஏஜென்சிப் பையன் மூன்றாம் நாள் "நீ" என்றான். எஃப்ஐஆர், வாரன்ட், வீட்டு வாசலில் ஆள் என்று அடுக்கினான். நான் போனை அணைத்துப் போட்டேன். அதைவிடத் தப்பான காரியம் கிடையாது. நான் எடுக்காததால் எனக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்கே பேசிவிட்டார்கள். அன்று ராத்திரிதான் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். சொன்ன பிறகு பாதி பயம் போய்விட்டது. அவர்கள் பிடித்து ஆட்டிய கயிறே "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்பதுதானே?

மறுவாரம் அதே பையன் குழைந்தான். "ஐநூறு ரூபா மட்டும் ஜிபே பண்ணுங்கண்ணா, ஒரு லெட்டர் அனுப்பறேன், கையெழுத்துப் போட்டுடுங்க. மேல பேசி நிறுத்தி வைக்கறேன்." ஐநூறுதானே என்று கை போய்விட்டது. நல்லவேளை, அதற்கு முன்னால் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பக் கட்டினீங்க?" தேதியைச் சொன்னதும் விரல்விட்டு எண்ணினார். இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம்தான் கெடு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னதால், என் கெடு இரண்டு வருடம் தள்ளிப்போய் 2022 செப்டம்பர் வாக்கில் முடிந்திருந்தது. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம் புதிதாக ஓடும். முடிந்த பிறகும்கூட, "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி அது புது ஒப்பந்தம் ஆகிவிடும். செத்த கடனுக்கு நாமே உயிர் கொடுத்த மாதிரி. "அந்த லெட்டர்ல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கெடு முடிந்தால் கடன் அழிந்துவிடாது. கோர்ட்டு மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடும். மரியாதையாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. சிபில் கடன் அறிக்கையிலும் கறை இருக்கும். ஆனால் வெறும் கார்டு பாக்கிக்குப் போலீஸ் வந்து பிடிக்காது. செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் கதை வேறு, அது கிரிமினல் வழக்கு. லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் அது சமரசத்துக்கான அழைப்புதான், வாரன்ட் இல்லை.

அதன்பிறகு போனில் நான் ஒரே பாட்டுத்தான் பாடினேன்: "எல்லாத்தையும் எழுத்துல அனுப்புங்க." கடன் இப்போது யாருடையது, வங்கியுடையதா, வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்களா, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, உங்கள் ஏஜென்சிக்கு அதிகாரக் கடிதம் எங்கே? ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், நம்பர், பேச்சு எல்லாம் எழுதினேன். அதில் ஒன்று ராத்திரி 9.20. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டிருக்கிறது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நோட்டை நகல் எடுத்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவு கிடையாது, 14448-இல் விவரம் கேட்கலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. பதினெட்டாம் நாள் பதில் வந்தது.

இடையில் இரண்டு பையன்கள் வீட்டுக்கே வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். அடையாள அட்டை கேட்டேன், ஒருவனிடம் இல்லை. அவன் முன்பு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தவனாம். அங்கே நின்றுபோனதால் இங்கே வந்திருக்கிறான், வசூலானால்தான் கமிஷன். அவனிடம் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

வக்கீல் கணக்குப்படி நான் கட்டாமலே இருந்திருக்கலாம். வீட்டில் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குனது வாங்குனதுதானுங்களே" என்றாள். வட்டியை விடுங்கள், அசலைத் தருகிறேன் என்று, உரிமை எதையும் விட்டுக்கொடுக்காத வாசகத்தோடு வக்கீலே எழுதினார். பேரம் 70,000-இல் நின்றது. கார்டு நம்பர், தொகை, கட்ட வேண்டிய தேதி, மீதி தள்ளுபடி என்ற வரி, இவை நான்கும் வங்கியின் லெட்டர்ஹெட்டில் கைக்கு வந்த பிறகே பணத்தை எடுத்தேன். ஏஜென்ட்டின் ஜிபேக்கு ஒரு பைசா போடவில்லை; வங்கிக் கிளையில் அந்தக் கார்டு கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கினேன். பாக்கி இல்லை என்ற என்ஓசி வர ஏழு வாரம் ஆனது, நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது.

சிபிலில் இப்போது "குளோஸ்டு" என்று இல்லை, "செட்டில்டு" என்றிருக்கிறது. குறைத்துக் கட்டினால் அப்படித்தான் போடுவார்கள். போன வருடம் வீட்டுக் கடன் கேட்டபோது ஒரு வங்கி அதைக் காட்டியே மறுத்துவிட்டது. சீக்கிரம் கடன் வாங்கும் யோசனை இருப்பவர்கள் பேரத்துக்கு உட்காரும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்கு முன் இன்னொரு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. அதே கார்டு, அதே 2,38,000. என்ஓசியைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.