நலம் விசாரிக்கும்போது என்ன கேட்பது?

அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் பக்கத்து நீலகிரியில்தான். 1952-ல், அங்குள்ள பழங்குடி மக்களிடையே. பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் நோய் இது, தொற்றாது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தக்குழாயை அடைத்தால் தாங்க முடியாத வலி வரும்.

இரத்தப் பரிசோதனை ஹீமோகுளோபின் அளவைச் சொல்லும். அந்த மனிதர் இரவு தூங்கினாரா என்பதைச் சொல்லாது. அதை அறியவே, இந்நோயுள்ள பெரியவர்களுக்கென்று அமெரிக்காவில் 'ஆஸ்க்-மீ' என்ற வினாத்தாளை உருவாக்கினார்கள். வலி, தூக்கம், மனநிலை, மூட்டு விறைப்பு, பிறரோடு பழகுதல் ஆகியவற்றைப் பற்றி, பெரும்பாலும் கடந்த 7 நாட்களை வைத்துக் கேட்கிறது. கடும் வலி எத்தனை முறை வந்தது என்பதற்கு மட்டும் 12 மாதக் கணக்கு. நினைவில் நிற்பதைத்தானே கேட்க முடியும்!

நம் தொண்டர்கள் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேனுங்க" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க? எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டுது?" என்று கேளுங்கள். நோயாளியே சொல்லட்டும், பக்கத்திலிருப்பவர் சொல்வது அவர் உணரும் வலியோடு பொருந்தாமல் போகலாம். ஹைட்ராக்சியூரியா மாத்திரை தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிய சில மாதங்கள் கழித்தும் அதே கேள்விகளைக் கேட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதிக் கொடுங்கள், டாக்டரிடம் காட்டட்டும்.